கொடுக்க உரிமையில்லாத தானம்

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லப்பட்டது. தேனி மாவட்டத்து மேகமலைப் பகுதியில், அரசாங்கக் கணக்கில் காட்டுப் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருந்த நிலத்துக்குத் தனிமனிதர் பேரில் பட்டா கிடைக்கச் செய்துவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டு, அதன் பயனாகக் கட்டாய ஓய்வு விதிக்கப்பட்ட வருவாய்த் துறை அலுவலர் ஒருவர், அந்தத் தண்டனையை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. நீதிபதி ஸ்ரீமதி அவருடைய தண்டனையைக் குறைத்தார். குறைத்த அதே தீர்ப்பில், இயற்கை அன்னை உயிருள்ள ஓர் ஆள் என்றும், உயிருள்ள மனிதர் ஒருவருக்குச் சட்டம் அளிக்கும் உரிமைகளும் கடமைகளும் பொறுப்புகளும் அவளுக்கும் உண்டு என்றும் பிரகடனம் செய்தார். ஓர் உத்தியோகஸ்தரின் பணிப் பதிவேட்டைப் பற்றிய தகராறாகத் தொடங்கிய விவகாரம், தர்ம சாஸ்திரத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்றின் வாசலில் போய் நின்றது.

காட்டு நிலத்தில் ஒருவன் சட்டத்துக்கு மாறாக விடுதி கட்டுகிறான், தோட்டம் போடுகிறான், கல் உடைத்து விற்கிறான் என்றால், அதனால் தீங்கிழைக்கப்பட்டவர் யார் என்பதே அந்தக் கேள்வி. என் வயலின் வரப்பை அண்டை நிலத்துக்காரன் வெட்டிக்கொண்டால் நான் வாதி, அவன் பிரதிவாதி. வரப்பு முன்பு எங்கே இருந்தது என்பது மட்டுமே விசாரிக்க வேண்டிய விஷயம். காட்டிலோ வரப்பும் இல்லை, வாதியும் இல்லை. அரசாங்கமே வாதி என்றால், பல சந்தர்ப்பங்களில் அந்த நிலத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்ததும் அரசாங்கத்தின் கைகளில் ஒன்றுதான். அங்கே வாழும் ஜனங்கள் வாதி என்றால், மனிதர் குடியிராத அடர்ந்த காட்டுக்காகப் பேசுவது யார்? ஆண்டவனே வாதி, அனைத்தும் அவனுடையவை என்று ஈசாவாஸ்ய உபநிஷத்தைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் அனைத்தும் ஆண்டவனுடையவை என்று நாம் ஒப்புக்கொண்ட மறுகணமே, மரம் வெட்டுகிறவனும் அதே வாக்கியத்தைத் தன் பக்கத்துக்குச் சாட்சியாக அழைத்துவிடுவான், ஏனெனில் அவனும் ஆண்டவனுடைய பிள்ளைதான், அவனுடைய கோடரியும் ஆண்டவனுடையதுதான். உடைமை யாருடையது என்ற விசாரணையை முடிக்காமல் பரிகாரம் யாது என்ற விசாரணையைத் தொடங்க முடியாது.

இந்த விசாரணையை, வேத விதிகளின் பொருளை ஆராய்ந்த நமது மீமாம்ஸகர்கள் ஒரு யாகத்தை முன்னிட்டு நடத்தியிருக்கிறார்கள். விசுவஜித் என்னும் யாகத்தைச் செய்கிறவன் தன்னுடையது அனைத்தையும் தட்சிணையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அனைத்தையும் என்றால் எதுவரை என்ற சந்தேகம் உடனே எழுகிறது. தாய் தந்தையரைக் கொடுக்கலாமா? கூடாது, அவர்கள் தன்னுடையவர்களே ஆயினும் தன் உடைமை அல்லர். யாகம் செய்கிறவன் பூமண்டலம் முழுவதையும் ஆளும் சக்கரவர்த்தியாக இருந்தால் அவன் பூமியைக் கொடுக்கலாமா? மீமாம்ஸைக்கு மூலமான ஜைமினியின் சூத்திரம் கூடாது என்கிறது. எல்லோருக்கும் வேற்றுமையின்றிப் பொதுவாக இருப்பது பூமி என்பதே காரணம். பதினான்காம் நூற்றாண்டில், விஜயநகரத்து அரசர்களின் அவையோடு நெருங்கிய தொடர்புடைய மாதவாசாரியர், தம்முடைய ஜைமினீய நியாயமாலையில் இந்த இடத்தை இன்னும் விரித்துரைக்கிறார். துஷ்டர்களைத் தண்டித்துச் சிஷ்டர்களைக் காப்பதற்காகவே அரசனுக்கு ஆளும் பதவி ஏற்பட்டதேயன்றி, பூமி அவனுடைய தனம் அன்று. தத்தம் வினைப்பயனை அனுபவித்துக்கொண்டு அதன்மேல் வாழும் சகல பிராணிகளுக்கும் அது பொதுச் சொத்து. ஆகையால் தனக்கென்று வகுக்கப்பட்ட துண்டு நிலத்தைத் தானம் செய்ய ஒருவனுக்கு உரிமை உண்டு, மகாபூமியைத் தானம் செய்ய மன்னனுக்கும் உரிமை இல்லை என்பது அவர் முடிவு.

மாதவாசாரியர் மனிதர் என்று சொல்லாமல் பிராணிகள் என்று சொல்வதை இன்றைய சுற்றுச்சூழல் வாதிகள் கண்டால் மகிழ்ந்துபோவார்கள். நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது வேறொன்று. இந்த வாதத்தில் பக்திப் பரவசம் ஒரு துளியும் இல்லை. மண்ணைத் தெய்வமாக்கி, அதன் காலில் விழுந்து, அதனால் அதைத் தொடாதே என்று மீமாம்ஸகன் சொல்லவில்லை. கொடுப்பவனை நிறுத்தி, உனக்கு இதைக் கொடுக்க என்ன அதிகாரம் என்று மட்டுமே கேட்கிறான். வாங்கியவன் நல்லவனா, கெட்டவனா, அவன் அங்கே விடுதி கட்டுவானா, வேதபாடசாலை கட்டுவானா என்பவையெல்லாம் அவனுக்கு இரண்டாம் பட்சம்.

நமது காலத்துச் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுநாள் ஆயிற்று. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம், காட்டைச் சர்க்காருடைய உடைமையாகவே கருதிற்று. காப்புக்காடாக்க உத்தேசித்த நிலத்தைப் பற்றி அறிக்கை வெளியாகும். உரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் வந்து கோர வேண்டும். கோராத உரிமை மறைந்துபோகும். அவ்வாறு எல்லைக்கல் நட்டுக் காப்புக்காடாக்கப்பட்ட இடத்துக்குக் கடுமையான பாதுகாப்பு உண்டு. ஆனால் எல்லைக்கல்லுக்கு இப்பால், அதே மரங்களும் அதே ஓடைகளும் உள்ள சரிவு, வருவாய்த் துறையின் கணக்கில் வெறும் புறம்போக்காகக் கிடந்தது. அங்கே காட்டை அழிக்கக் கோடரி தேவைப்படவில்லை. அ-பதிவேட்டில் ஒரு புல எண் இரண்டாக உட்பிரிவு செய்யப்படும். இரண்டாவது உட்பிரிவுக்கு நேரே புறம்போக்கு என்று இருந்த இடத்தில் ஒரு பெயர் ஏறும். அடுத்த பசலியின் அடங்கலில் அந்தப் பெயரின் கீழ் ஏலக்காய் என்றோ காப்பி என்றோ பயிர் காட்டப்படும். சில வருஷங்களில் தீர்வை ரசீதுகளும் மின் இணைப்பும் சேர்ந்து, நீதிமன்றத்தில் நீட்டக்கூடிய ஒரு கட்டுக் காகிதமாகிவிடும். மரம் அதற்குப் பிறகுதான் விழும்.

1980-ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பேனாவைத் தடுக்க எழுந்தது. காட்டு நிலத்தைக் காடல்லாத காரியத்துக்குத் திருப்ப வேண்டுமானால் மத்திய அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்றும், 1988-இல் திருத்தப்பட்டபின் தேயிலை, காப்பி, ரப்பர், வாசனைப் பயிர் சாகுபடியும் காடல்லாத காரியமே என்றும் அது விதித்தது. கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு நிலம்பூர்க் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், காடு என்பது யாருடைய பெயரில் இருந்தாலும் காடுதான், அகராதிப் பொருளில் காடாக இருப்பது எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று சொல்லி, எல்லைக்கல்லின் மகிமையைக் குறைத்தது. இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டிய சட்டம் தண்டனை என்று வரும்போது மட்டும் நாணிக் கோணி நிற்பதைக் காணலாம்: விதியை மீறியவனுக்கு 15 நாளுக்கு மேற்படாத வெறுங்காவல் என்றுதான் 1988-இல் சேர்க்கப்பட்ட பிரிவு சொல்லிற்று. தவறு செய்தது ஓர் அரசாங்க இலாகாவாக இருந்தால் அதன் தலைவரையே குற்றவாளியாகக் கொள்ளலாம் என்ற அபூர்வமான பிரிவையும் அப்போதே சேர்த்தார்கள். அதற்கும் அதே 15 நாள்தான்.

மறுநாள், டிசம்பர் 13-ஆம் தேதி வெளிவந்த தீர்ப்பு இதைக் காட்டிலும் ஆழமானது என்பது என் அபிப்பிராயம். இமாசலப் பிரதேசத்தில் குலுவுக்கும் மணாலிக்கும் இடையே, பியாஸ் நதியின் கரையில் இருந்த ஒரு விடுதி, தன்னை ஒட்டிய காட்டு நிலத்தில் 27 பீகாவுக்குச் சற்று அதிகமான பரப்பை முதலில் ஆக்கிரமித்துக்கொண்டு, பிறகு குத்தகையாகவே பெற்றுக்கொண்டது. 1995-இல் வெள்ளம் வந்தபோது, நதி விடுதியின் பக்கம் திரும்பிவிடாமல் இருக்க, மண் வெட்டும் இயந்திரங்களைக் கொண்டு நதியையே வேறு பக்கம் திருப்ப முயன்றது. மேத்தா எதிர் கமல்நாத் என்று பெயர்பெற்ற இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், குத்தகைக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் முன் அனுமதி இருந்தது. சட்டம் கேட்ட காகிதம் கையில் இருந்தது. அப்படியிருந்தும் நீதிபதி குல்தீப் சிங், காற்றும் நீரும் கரையும் காடும் போன்ற வஸ்துக்களுக்கு அரசாங்கம் தர்மகர்த்தாவே தவிர உடைமையாளன் அன்று, தர்மகர்த்தா பொதுச் சொத்தைத் தனி ஒருவரின் லாபத்துக்கு மாற்ற முடியாது என்று சொல்லி, அனுமதியையும் குத்தகையையும் சேர்த்தே ரத்துசெய்தார். நிலத்தை அரசாங்கம் மீட்டு முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவரவும், அதற்கான செலவை விடுதி கொடுக்கவும் உத்தரவிட்டார். பின்னர் 2002-இல் படிப்பினை தரும் அபராதமாக 10 லட்சம் ரூபாயும் விதிக்கப்பட்டது. தீர்ப்பு தன் கொள்கைக்கு ஆதாரமாக ரோமானியரின் சட்டத்தையும் ஜோசப் ஸாக்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் கட்டுரையையும் எடுத்துக்காட்டுகிறது. விசுவஜித் யாகத்தின் பக்கம் அது திரும்பவில்லை என்பதில் எனக்குச் சற்று மனக்குறை உண்டு. ஆனால் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

காடு பொதுச் சொத்து என்பது போதாது, காடே ஓர் ஆள் என்று சொல்ல வேண்டும் என்று விரும்புகிறவர்கள், நமது தேசத்துத் தெய்வங்களைத் துணைக்கு அழைப்பது வழக்கம். அவர்களுக்கு அருமையான ஒரு வழக்கு கைவசம் இருக்கிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பூஜை நின்று இடிந்து கிடந்த பழைய சிவன் கோயிலின் அருகே 1976-இல் மண் வெட்டிய கூலியாள் ஒருவரின் கைக்கு ஒரு நடராஜ விக்கிரகம் அகப்பட்டது. அது கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய், ஒரு கனடா தேசத்துக் கம்பெனியால் வாங்கப்பட்டு, போலீசாரால் பறிமுதல் செய்யப்பட்டது. உரிமை யாருக்கு என்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, வாதிகளுள் ஒருவராக அந்த இடிந்த கோயிலே, அறநிலையத் துறை நியமித்த தக்கார் மூலம் ஆஜராயிற்று. கோயில் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக இருக்க முடியாத இங்கிலாந்தில், 1991-ஆம் வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தியச் சட்டத்தில் அது ஆளாக இருப்பதால் இங்கும் அது வழக்காடலாம் என்று ஒப்புக்கொண்டு, நடராஜரைத் திருப்பி அனுப்பியது. விளக்கெரியாத, அர்ச்சகர் இல்லாத ஒரு கற்குவியலுக்குக் கிடைத்த நியாயம், உயிர் ததும்பும் ஒரு சோலைக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று கேட்டால் அதற்கு எளிதில் மறுமொழி சொல்ல முடியாது.

மறுமொழி சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், அவரும் நம்மவரே. ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரசுவாமி, தேவதையின் கிராமம், தேவதையின் வயல் என்று ஜனங்கள் சொல்வதெல்லாம் உபசார வழக்கே என்கிறார். தன் இஷ்டப்படி விநியோகிக்க எவனால் முடியுமோ அவனுக்கே ஒரு பொருள் உடைமை. தேவதை எந்த வயலையும் இஷ்டப்படி விநியோகிப்பதில்லை. தேவதையின் பேரால் அவற்றை அனுபவிப்பவர்கள் அதற்குப் பணிவிடை செய்கிற மனிதர்களே என்பது அவர் வாதம். ஆஸ்திகர்களுக்கு இது கசக்கும். ஆயினும் கோயில் நிலங்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கிறவர்கள் சபரசுவாமியைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லிக்கொண்டே சிவன் சொத்தை அனுபவித்த குலங்கள் நம் நாட்டில் குறைவல்ல. 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டம், ஆணையரின் அனுமதியில்லாத விற்பனை செல்லாது என்று விதித்தது; ஆக்கிரமித்தவரை வெளியேற்ற வழி செய்தது; கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் தடையாகாது என்றுகூடப் பின்னர் ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டது. இத்தனை கவசமும் அணிந்த, கோயில் தெய்வம் என்னும் நித்திய மைனர், சட்டத்தின் முன் சந்தேகமில்லாத ஓர் ஆள், தன் நிலத்தை இழந்துகொண்டே இருக்கிறார் என்றால், ஆள்தன்மை மட்டும் பரிகாரம் ஆகாது என்பது விளங்கும்.

அப்படியானால் எது பரிகாரம்? 1925-இல் பிரிவி கவுன்ஸில் தீர்த்த ஒரு கல்கத்தா வழக்கு இதற்கு வெளிச்சம் தருகிறது. ஒரு குடும்பத்தின் குலதெய்வ விக்கிரகத்தை எந்த வீட்டில் வைத்துப் பூஜிப்பது என்று பங்காளிகளுக்குள் தகராறு. விக்கிரகத்தின் விருப்பம் யாது என்பதையும் கேட்டாக வேண்டும் என்று பிரிவி கவுன்ஸில் கூறிற்று. கூறியதோடு நில்லாமல், பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் இதில் சுயநலம் இருப்பதால், எவ்விதச் சுயநலமும் இல்லாத ஒருவரைத் தெய்வத்தின் சார்பில் பேச நியமித்து வழக்கை மறுபடி விசாரிக்கவும் சொல்லிற்று. பூஜை செய்பவனும் தெய்வத்தின் பெயரால் பேசுபவனும் வேறு வேறாக இருக்க வேண்டிய சமயம் உண்டு என்ற இந்தச் சிறு விவேகம், விக்கிரகம் உண்மையில் விரும்புமா என்ற பெரும் தத்துவத்தைக் காட்டிலும் பயனுள்ளது.

மதுரைத் தீர்ப்பு சறுக்குவது இங்கேதான் என்று தோன்றுகிறது. இயற்கையை ஆளாக்கிய நீதிபதி, அந்த ஆளைப் பெற்றோர் நிலையிலிருந்து பாதுகாக்கும் கடமையை மத்திய, மாநில அரசாங்கங்களிடமே ஒப்படைத்தார். பட்டா புறப்பட்ட வீட்டிலேயே குழந்தையை விட்டுவந்ததுபோல் ஆயிற்று. உத்தராகண்டத்து உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள ஆட்களாக்கி, அரசாங்க அதிகாரிகளையே அவற்றின் பாதுகாவலராக்கியபோது, அந்த மாநில அரசாங்கமே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி அதற்குத் தடை வாங்கியது. நதி ஆளானால் வெள்ளச் சேதத்துக்கு யார் நஷ்டஈடு கொடுப்பது என்பது அதன் கவலைகளுள் ஒன்று. சிரிப்புக்கிடமாகத் தோன்றினாலும், தன் மீது சுமத்தப்பட்ட பாதுகாவலர் பதவியை வேண்டாம் என்று வழக்காடிய பாதுகாவலர் தன் மனத்தை ஒளிக்கவில்லை என்ற அளவில் அதைப் பாராட்டலாம்.

அரசாங்கம் அல்லாத ஒருவன் காட்டுக்காகப் பேசும் வழிகள் நமது சட்டத்தில் இல்லாமற் போகவில்லை. தனக்கு நேர் நஷ்டம் இல்லாதவனும் பொதுநலன் கருதி உயர் நீதிமன்றத்தில் பேராணை மனுப் போடலாம். 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு முன், காரணம் எழுந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள், அழிந்ததை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி கேட்கலாம். பட்டாவே தவறு என்றால் அதை ரத்துசெய்யும்படி வருவாய் அதிகாரிகளிடம் மனுக்கொடுத்து, அவர்கள் அசையாதபோது அசையும்படி நீதிமன்றத்தின் ஆணை பெறலாம். இவற்றில் எதை எடுத்தாலும், விடுதிக்காரனை மட்டும் பிரதிவாதியாக்கிய மனு பாதி மனுவே. அவன் அடுத்த மலையில் வேறொரு பெயரில் வருவான். அவனுக்குக் கொடுத்த கையெழுத்து யாருடையது, அந்தக் கைக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட வழக்குகளே நின்றிருக்கின்றன.

தெய்வமும் காடும் ஒன்றாகவே இருந்த ஓர் இடத்தில் இந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதை நியமகிரியில் பார்க்கலாம். ஒடிஷாவின் தென்மேற்கில், ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த மலைத்தொடரின் உச்சியில் பாக்ஸைட் படிந்திருக்கிறது. அடிவாரத்து லாஞ்சிகடில் வேதாந்தா கம்பெனியின் அலுமினா ஆலை இருக்கிறது. நடுவில், சரிவுகளில், மலையைத் தங்கள் முன்னோனாகிய நியமராஜனின் இருப்பிடமாகக் கருதி, உச்சிக் காட்டில் மரம் வெட்டாத டோங்கிரியா கோந்த மக்கள் வாழ்கிறார்கள். 660 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான காட்டைச் சுரங்கத்துக்குத் திருப்ப 2008-இல் உச்ச நீதிமன்றமே வழிவிட்டது. பிறகு, தான் நியமித்த சக்ஸேனா குழுவின் அறிக்கையைக் கொண்டு, 2010 ஆகஸ்டில் ஜெயராம் ரமேஷ் அமைச்சராக இருந்தபோது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இறுதி அனுமதியை மறுத்தது. ஆலையின் மதிலுக்குள் கிராமக் காட்டு நிலமும் அனுமதியின்றி அடைபட்டிருக்கிறது என்பது அந்த அறிக்கையின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஒடிஷா சுரங்கக் கழகம் மறுப்பை எதிர்த்து வழக்காடியது. 2013 ஏப்ரல் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி, இந்த விஷயத்தைக் கிராம சபைகளின் முன் வைக்கும்படி தீர்ப்பளித்தது.

கிராம சபைகள் ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன கேள்விகளுள் ஒன்று, நமது ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது: சிகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி அமையப்போகும் சுரங்கத்தால் நியமராஜனின் இருப்பிடம் ஏதேனும் பாதிக்கப்படுமா? தெய்வத்துக்கு எல்லைக்கல் எங்கே என்று கேட்பதுதான் இது. 1882-ஆம் வருஷத்து நிர்ணய அதிகாரி வந்திருந்தால் சிகரத்தைச் சுற்றி ஒரு வேலியிட்டு, இவ்வளவு தெய்வத்துக்கு, மிச்சம் சர்க்காருக்கு என்று எழுதியிருப்பார். ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் மழையில், மாவட்ட நீதிபதிகள் உட்கார்ந்து பார்க்க, பன்னிரண்டு ஊர்களில் சபை கூடிற்று. ஒரே ஒரு குடும்பம் மட்டும் வாழும் ஊரும் அவற்றுள் ஒன்று. மலை முழுவதுமே நியமராஜன், இதில் இன்ன ஏக்கர் என்று காட்ட முடியாது என்பதே சாட்சியாக வந்தது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. 2014 ஜனவரியில் அமைச்சகமும் மறுத்தது. இங்கே தெய்வத்தை ஆள் என்று எந்த நீதிமன்றமும் பிரகடனம் செய்யவில்லை, அதற்குத் தேவையும் நேரவில்லை. தெய்வத்தின் பெயரால் பேசியவர்கள், நிலத்தைக் கொடுப்பதால் எதையும் பெறப்போகிறவர்கள் அல்லர், கொடுத்தால் இழக்கப்போகிறவர்கள். அந்த ஒரு தகுதியால் அவர்கள் வார்த்தை நின்றது.

2016-இல் அதே சுரங்கக் கழகம், கிராம சபைகளை இன்னொரு முறை கூட்டிக் கேட்க வேண்டும் என்று மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. ஆனால் கேட்க முடிந்தது என்பதே யோசிக்கத்தக்கது. ஏனெனில் அன்று அந்தச் சபைகள் இசைந்திருந்தால், இன்றைய சுரங்கச் சட்டத்தின்படி 50 வருஷத்துக்கு நீடிக்கும் குத்தகை ஒன்று எழுதப்பட்டிருக்கும், மூன்று வருஷம் கழித்து அந்த மக்கள் தங்கள் இசைவை இன்னொரு முறை கேட்டுப்பாருங்கள் என்று மனுப் போட்டிருந்தால் எந்த எழுத்தரும் அதை மேசையில் வாங்கி வைத்திருக்க மாட்டார். விசுவஜித்தில் கொடுத்த தட்சிணையைத் திரும்பக் கேட்க முடியாது என்பது தெரிந்ததே. கொடுக்க மாட்டேன் என்றவனை எத்தனை முறை கேட்கலாம் என்ற விசாரணைக்கு மீமாம்ஸகர்கள் இடம் வைக்கவில்லை, நமது சட்டமும் இதுவரை வைக்கவில்லை.